ஐந்தடி உயரமும் முப்பது அங்குல மேசையும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது பயன்படும். உங்களுக்கு வயது 43, உயரம் 5 அடி. புளியரையில் வீட்டிலிருந்தபடியே புனலூர், செங்கோட்டைக் கடைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறீர்கள். சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றரை ஆண்டாக வேலை செய்கிறீர்கள். பிடரியிலும் வலது மணிக்கட்டிலும் வலி இருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கெடுவான, மாதத்தின் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் அது கூடுகிறது. அண்மையில் இரட்டைப் பவர் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கினால் இதெல்லாம் தீருமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். செங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயன்முறை சிகிச்சை செய்துவரும் நான், நல்ல நாற்காலி வாங்கிய பிறகும் வலி குறையாமல் வந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாற்காலியில் குறை இருக்காது. அதற்கு எதிரே இருக்கும் மேசை அவர்களுடைய உடம்புக்கு உயரமாக இருக்கும். உங்கள் வீட்டிலும் அதுவே நடக்கிறது என்பதை, நீங்கள் தந்திருக்கும் அளவுகளைக் கொண்டே காட்டிவிட முடியும்.

வெறுங்காலுடன் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி வைத்தால், தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் அடிப்பகுதி வரையிலான உயரம் ஒருவருடைய மொத்த உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். உங்கள் உயரம் 152 செ.மீ. என்றால் அது 38 செ.மீ.; உங்கள் இருக்கை அதற்கு மேல் போகக் கூடாது. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் பெரும்பாலும் 43 செ.மீ. அளவில் இருக்கின்றன. அதில் முழுவதும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் உங்கள் குதிகால் தரையை விட்டு எழும்பும், நாற்காலியின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும். அதைத் தாங்க முடியாமல் நீங்கள் அறியாமலே முன்னால் நகர்ந்து நுனியில் உட்காருவீர்கள். அந்த நொடியிலேயே முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் போய்விடுகிறது. நாற்காலி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், அதன் முதுகுப்பலகையை உங்கள் முதுகு தொடாவிட்டால் அந்தப் பணம் வீண்தான்.

அடுத்தது முழங்கை. தோள்களைத் தளர்த்தி, மேற்கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கினால், இருக்கையிலிருந்து முழங்கை வரை உங்கள் உயரத்தவருக்கு ஏறக்குறைய 21 செ.மீ. வரும். 38-உடன் 21-ஐக் கூட்டினால் 59. விசைப்பலகையின் தடிமன் 2 செ.மீ. என்று கழித்தால், மேசைப் பலகை தரையிலிருந்து 57 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் சாப்பாட்டு மேசையோ 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. பத்தொன்பது செ.மீ. வித்தியாசம் என்பது சிறிய விஷயம் அன்று. அந்த உயரத்துக்குக் கையைக் கொண்டுபோகத் தோள்பட்டையை நாள் முழுவதும் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். கழுத்தையும் தோளையும் இணைக்கும் தசை எட்டு மணி நேரம் ஓய்வின்றி இறுகிக் கிடந்தால் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த 30 அங்குலம் எங்கிருந்து வந்தது என்றால், ஆறடி உயரம் உள்ளவர் காலணியோடு உட்காருவதற்கு ஏறக்குறைய அது பொருந்தும். அலுவலக மேசைகளின் பொது அளவு பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நாமோ வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. காலணி தரும் இரண்டரை செ.மீ. உயரம்கூட நமக்குக் கிடையாது. ஆகவே வெளிநாட்டுக் கையேடுகளில் பார்க்கும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வெறுங்காலுடன் உட்கார்ந்து உங்கள் அளவை நீங்களே எடுங்கள். மேலே நான் சொன்னவை சராசரிக் கணக்குகள். ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று செ.மீ. கூடலாம், குறையலாம். தையற்கடை நாடா ஒன்றும் அளக்க ஒருவரும் போதும்.

மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்திக்கொண்டு காலுக்குப் பலகை போடலாமே என்று கேட்பீர்கள். ஐந்தாறு செ.மீ. வித்தியாசம் என்றால் அது சரியான வழி. வீட்டில் கிடக்கும் மணைப்பலகையே போதும். ஆனால் பத்தொன்பது செ.மீ. உயர்த்தினால் இருக்கை 57 செ.மீ.-க்குப் போக வேண்டும், காலுக்கு ஒரு சிறு முக்காலியே வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். இரண்டே நாளில் காலைத் தொங்கவிட்டுப் பழகிவிடுவீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் சுழல் நாற்காலிகளில் பலவற்றின் மிகக் குறைந்த உயரமே 42 முதல் 45 செ.மீ. வரை இருக்கிறது, தாழ்த்தும்போது உங்களுக்கு அதிகம், மேசைக்கு ஏற்ப உயர்த்தும்போது போதாது. அந்த நாற்காலியை வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே உங்களுக்கென்று தாழ்ந்த மேசை ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய மேசை ஒன்று வீட்டில் இருந்தால் அதன் காலை அறுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் இது கடினமான வேலை அன்று. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் செங்கோட்டை. அந்தப் பழக்கத்தில் கோலும் விரலுமாக அளக்கும் மூத்த ஆசாரிமார் சிலரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கோல் என்பது 24 விரல், அதாவது 72 செ.மீ.; ஒரு விரல் 3 செ.மீ. உங்களுக்கு வேண்டிய மேசை உயரம் சரியாக 19 விரல், இருக்கை உயரம் 13 விரலுக்குச் சற்றுக் குறைவு. அப்படிச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்வார்கள். பலாவிலோ ஆயினியிலோ செய்தால் நம் மழைக்கு நெடுநாள் நிற்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று ரப்பர் மரத்தை எடுப்பதானால், மருந்தேற்றிப் பதப்படுத்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். பச்சையாக அறுத்த ரப்பர் பலகையைப் பூச்சி விரைவில் துளைத்துவிடும். மேசைக்கு அடியில் இழுப்பறை வேண்டாம். உங்கள் தொடைக்கு மேல் இருக்கும் இடமே இரண்டு மூன்று செ.மீ.தான்; இழுப்பறை வந்தால் தொடை முட்டும், மறுபடியும் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டிவரும். பலகையின் முன் விளிம்பை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். கூர்மையான விளிம்பு மணிக்கட்டின் அடிப்பக்கத்தை அழுத்தும்.

நாற்காலிக்கும் மரமே போதும். கை வைக்காத பழைய சாப்பாட்டு நாற்காலி ஒன்றின் காலை, இருக்கை 38 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி அறுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் காலை மட்டும் எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள். அதன் வலிமை வளைவில் இருக்கிறது, அறுத்தால் ஒருநாள் விரிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். இருக்கையின் ஆழத்தையும் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்தபின், முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள். குறுக்கு உள்வாங்கும் இடத்தில், அதாவது இடுப்புப்பட்டைக்குச் சற்று மேலே, சுருட்டிய துண்டு ஒன்றைக் கட்டிவைத்தால் அது பெரிய நாற்காலிகளில் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தரும் ஆதாரத்தின் வேலையைச் செய்யும். சாய்மானம் நேர்ச்செங்குத்தாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆல்ஃப் நாகெம்சன் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1960-களில் முதுகெலும்புத் தட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்று அவர் கண்டார். பின்னால் 1999-இல் வெளியான வில்கே குழுவினரின் அளவீடுகளில் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் சற்றுப் பின்னால் சாய்ந்து, முதுகின் பாரத்தைப் பலகையிடம் கொடுத்து உட்காருவது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருக்கையிலிருந்து 100 முதல் 110 பாகை வரை சாய்ந்த முதுகுப்பலகை பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும்.

மெத்தை வேண்டுமென்றால் தேங்காய் நார் மெத்தைத் துண்டோ பஞ்சுத் திண்டோ போடுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் சாரலும் வரும் ஊரில், ரெக்சின் போர்த்திய இருக்கை ஈரத்தில் செதில் செதிலாக உரிந்துவிடுகிறது. என் சிகிச்சையறைக்கு வாங்கிய ஒன்று இரண்டு சாரல் காலத்தைக்கூடத் தாண்டவில்லை. பிரம்போ நைலான் நாடாவோ பின்னிய இருக்கை காற்றோட்டமாகவும் இருக்கும், காய்ந்தும் போகும்.

இனி மடிக்கணினி. அதன் திரையும் விசைகளும் ஒன்றாக இணைந்திருப்பதே அதன் குறை. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கை தூக்கி நிற்கிறது. பயணத்தில் ஒரு மணி நேரம் பயன்படுத்த அது சிறந்த கருவி. நாள் முழுவதும் அதையே வைத்து வேலை செய்வதானால் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். தனி விசைப்பலகையும் தனி மவுஸும், கம்பி வைத்த சாதாரண வகையே போதும், இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். உங்களிடம் இருக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் பிடரியில் நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த அதே வலியை, இப்போது படித்து வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அவர்களுடைய மகள்களிடம் பார்க்கிறேன். சுளகின் இடத்தில் மடிக்கணினி வந்திருக்கிறது, அவ்வளவே. குனிந்த கழுத்து மாறவில்லை. தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ இருக்கும். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 15 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் ஏறும் பாரம் ஏறக்குறைய 12 கிலோவாகவும், 60 பாகை குனிந்தால் 27 கிலோவாகவும் ஆகிறது. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆளின் கழுத்தில் அளந்தது அன்று. எனவே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். குனியக் குனியப் பாரம் கூடுகிறது என்ற திசை மட்டும் உறுதி.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது பொதுவிதி; அதன்படி உங்கள் மடிக்கணினியை 20 முதல் 25 செ.மீ. வரை உயர்த்த வேண்டியிருக்கும். நீங்கள் இரட்டைப் பவர் கண்ணாடி அணிவதால் அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. கிட்டப் பார்வைக்கான பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை உயரமாக இருந்தால் கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பதற்காக முகவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்ப்பீர்கள், குனிந்ததால் வந்த வலிக்குப் பதிலாக நிமிர்ந்ததால் ஒரு வலி வரும். ஆகவே உங்களுக்கு 12 முதல் 15 செ.மீ. உயர்வு போதும், திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வையுங்கள். இதைவிட நல்ல வழி, கண் மருத்துவரிடம் போய், கண்ணிலிருந்து திரை வரையிலான தூரத்தை அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று தனியாக வாங்கிக்கொள்வது. கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம், அதாவது 55 முதல் 65 செ.மீ., உங்களுக்குச் சரியாக இருக்கும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் முகத்தை முன்னால் கொண்டுபோகாமல் திரையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். உயர்த்துவதற்குத் தாங்கி வாங்க வேண்டியதில்லை. செங்கல்லைத் துணியில் சுற்றி, இரு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கி, நடுவே காற்றுப் போக இடம் விட்டு வைத்தால் ஏறக்குறைய 15 செ.மீ. வந்துவிடும்.

உங்கள் வேலைக்கே உரிய ஒரு சிக்கல், கணினியை மட்டும் பார்த்து எழுதுகிறவர்களுக்குக் கிடையாது. பில் கட்டு மேசைமேல் இடப்பக்கம் படுத்துக் கிடக்கிறது. ஒரு பில்லுக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து திரையைப் பார்க்கிறீர்கள். நூறு பில் என்றால் நூறு முறை. 20-ஆம் தேதிக்கு முன்னால் வலி கூடுவதற்கு நேரம் அதிகமாவது ஒரு காரணம், இந்தத் திருப்பம் இன்னொரு காரணம். பில்களை நிமிர்த்தி வையுங்கள். பெரியவர்கள் இராமாயணம் வாசிக்க வைத்திருந்த, விரித்து நூலை நிறுத்தும் சிக்குப்பலகையோ, குர்ஆன் ஓத வைக்கும் அதே வடிவப் பலகையோ ஒன்று செய்துகொண்டு, திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில், நேர் எதிரே, அதை வைத்தால், கழுத்து அசையாமல் கண் மட்டும் கீழிறங்கி ஏறும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் உங்கள் பிடரிக்கு மிக விரைவில் பலன் தரப்போவது இதுவென்றே நினைக்கிறேன்.

மணிக்கட்டுக்கு வருகிறேன். கணக்கு எழுதுகிறவர் எண்விசைகளை வலது கையால் அடிக்கிறார், மவுஸையும் வலது கையாலேயே பிடிக்கிறார். அந்த எண்விசைப் பகுதி விசைப்பலகையின் வலக்கோடியில் இருப்பதால் மவுஸ் அதற்கும் அப்பால் தள்ளப்பட்டு, கை உடம்பை விட்டு விலகி நீள்கிறது. மவுஸை இடது கைக்கு மாற்றிப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், மூன்றாவது வாரம் பழகிவிடும். ஒரு கை எண்ணுக்கும் ஒரு கை மவுஸுக்கும் என்று சுமை பிரிந்துவிடும். விசைப்பலகையின் பின்பக்கம் இரண்டு சிறு கால்கள் இருக்குமே, அவற்றை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் விசைகள் நம்மை நோக்கிச் சாய்ந்து அழகாகத் தெரியும், ஆனால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். கட்டைவிரல் பக்கம் போகும் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. மணிக்கட்டு வளையும்போது அந்த வழியில் அழுத்தம் கூடுகிறது. முன்கையும் புறங்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதே இலக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணினியை மூடிவைத்த பிறகு உங்கள் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. துணி பிழிகிறீர்கள், தேங்காய் துருவுகிறீர்கள், மாவு பிசைகிறீர்கள், குடம் தூக்குகிறீர்கள். சிகிச்சைக்கு வரும் ஆண்களிடம் நான் கணினி நேரத்தை மட்டும் கேட்டால் போதும். பெண்களிடம் அது பாதிக் கணக்குத்தான். கெடு நெருங்கும் அந்த நாலைந்து நாட்களுக்காவது துணி பிழியும் வேலையையும் தேங்காய்த் துருவலையும் வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். பதினோராம் வகுப்பில் படிக்கும் மகன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அவனால் முடியும்.

அந்த மகனுக்கும் ஒரு வார்த்தை. அவன் 5 அடி 7 அங்குலம் என்றால், அவனுக்கும் சாப்பாட்டு மேசை கணினி வேலைக்கு உயரம்தான். அவனுக்கு 64 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். ஆனால் கையால் எழுதும்போது பலகை முழங்கையைவிட நாலைந்து செ.மீ. உயர்ந்திருந்தால் நல்லது என்பதால், இருக்கையில் ஒரு தடித்த திண்டும் காலுக்கு மணைப்பலகையும் போட்டு அவன் அதே மேசையில் படிக்கலாம். இருவருக்கும் ஒரே மேசை என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி. கடைகளில் கணக்குப்பிள்ளைகள் சாய்மேசையை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்துதான் தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். அந்த மேசையின் சாய்வு, எழுத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து குனிவைக் குறைத்தது. முழங்காலில் வலி இல்லாதவர், ஒரு சிறு திண்டின் மேல் உட்கார்ந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, அரைமணி நேரம் வரை அப்படி வேலை செய்வதில் தவறில்லை. நாற்காலியில் இருந்து ஒரு மாறுதலாக அது நல்லது. மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு செய்வது மட்டும் வேண்டாம். கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு செய்வதும் வேண்டாம்.

எங்கே உட்காருவது என்பதை நம் ஊரில் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் சன்னல் தெரியும். சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முடிந்தால் இடப்பக்கம். மேற்குச் சன்னலாக இருந்தால் சாரல் காலத்தில் மேசையைச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளிப் போடுங்கள். துளி உள்ளே வரும். மேற்கே மலை நிற்பதால் புளியரையில் மாலை வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். அதன்பின் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யாமல் அறை விளக்கைப் போடுங்கள். விளக்கு தலைக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். காற்றாடிக் காற்றோ கணவாய்க் காற்றோ முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது; அதோடு காற்றும் சேர்ந்தால் கண் உலர்ந்து உறுத்தும். கண் மருத்துவர்கள் சொல்லும் ஒரு பழக்கம் உண்டு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது. சன்னல் வழியே மலை தெரியும் வீட்டில் இருக்கும் உங்களுக்கு அதற்கு என்ன குறை?

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: மடிக்கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருந்தால், அந்தச் சுவர்ச் செருகியில் நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களின் மாலை இடிமழையில் செருகியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் வேலை செய்யுங்கள். கம்பிகளைக் கால் படாத இடத்தில், மேசையின் பின்காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தபின்னும், ஒரே நிலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நில்லுங்கள். தண்ணீர்ச் செம்பை மேசைமேல் வைக்காமல் அடுப்படியில் வையுங்கள். தாகம் உங்களை எழுப்பும். கடைக்காரர்களோடு பேசும்போது கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்யாதீர்கள். காதில் மாட்டும் கருவியைப் போட்டுக்கொண்டு, நடந்துகொண்டே பேசுங்கள்.

வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய் உறக்கம் கலைகிறதா, கையை உதறினால் சரியாகிறதா, பிடித்த டம்ளர் நழுவுகிறதா, கழுத்திலிருந்து கை வழியே மின்னல்போல் வலி இறங்குகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேசையை மாற்றிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயும் தைராய்டுக் குறைவும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு வழிவகுக்கும் என்பதால் அவற்றையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அவை இல்லையென்றால், மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். நாளைக்கே பில்களை நிமிர்த்தி வைக்கலாம், பணம் வேண்டியதில்லை. இந்த வாரம் விசைப்பலகை, மவுஸ், செங்கல்; விசைப்பலகை வந்ததும் அதன் கால்களை மடக்கிவிடுங்கள். அடுத்தது மேசை. பழைய மேசையை அறுப்பதாக இருந்தால் ஒரே நாளில் 57 செ.மீ.-க்குக் கொண்டுவராதீர்கள். முதலில் 60 செ.மீ., அதாவது 20 விரல், இருக்கும்படி அறுக்கச் சொல்லி, அதில் ஒரு வாரம் வேலை செய்யுங்கள். தோள் இன்னும் தூக்கி நிற்கிறதா என்று பக்கவாட்டில் நின்று மகனை ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மீதி ஒரு விரலை அறுக்க ஆசாரியை மறுபடி அழையுங்கள். அறுத்த காலை அவராலும் ஒட்ட முடியாது.